ஒரு வீட்டுக்கு எத்தனை உலை?

பாட்டிக்கு வயது 62. மகள் வீட்டில் இருக்கிறார். மகளுக்கு 41, கணவர் பிரிந்து போய்விட்டார், ஒரு கேன்டீனில் வேலை. பேரனுக்கு 20, சமுதாயக் கல்லூரியில் முழுநேரப் படிப்பு, மளிகைக் கடையில் பகுதிநேர வேலை. பேத்திக்கு 8. ஒரே வீடு, ஒரே கதவு எண், ஒரே கரண்ட் பில். இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்?

நாலு பேர் என்று சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். முதல் வாரத்திலேயே சிரித்துவிட்டார்கள்.

இந்தப் பாட்டி நிஜமானவர் இல்லை. ஒரு டெஸ்ட் கேஸ். அமெரிக்காவில் ஒரு மாநிலத் தலைநகரில் நான் ஒப்பந்த வேலையில் இருந்தபோது, அந்த மாநிலம் தன் உதவித் திட்டங்களுக்குப் புதிய மென்பொருள் கட்டிக்கொண்டிருந்தது. மாநிலத்தின் பெயர் வேண்டாம், நண்பர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். உணவுக்கு ஸ்நாப் (நம் ஆட்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்வார்கள்), மருத்துவத்துக்கு மெடிகெய்ட், குழந்தை உள்ள ஏழை வீடுகளுக்கு ரொக்கம் தரும் டானிஃப். மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கணினி. விதிகளைக் கணினி சரியாகப் போடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. இடது பக்கம் குடும்ப விவரம், நடுவில் கணினி சொன்ன பதில், வலது பக்கம் ‘எதிர்பார்க்கும் முடிவு’ என்று ஒரு கட்டம். இரண்டும் பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் வேலை என்று நினைத்துப் போனேன்.

எங்கள் மாடியில் பாதிப் பேர் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒபாமா காலத்து மருத்துவச் சட்டத்தை ஒட்டி, மெடிகெய்ட் தகுதியைக் கணக்கிடும் மென்பொருள் கட்ட 90 சதவீதச் செலவை ஃபெடரல் அரசு (அமெரிக்காவின் மத்திய அரசு) ஏற்றுக்கொண்டது. 2011-ல் இன்னொரு சலுகையும் வந்தது: அப்படிக் கட்டும் பொதுவான பகுதிகளை ஸ்நாப்பும் டானிஃப்பும் தங்கள் பங்குப் பணம் போடாமலே பயன்படுத்திக்கொள்ளலாம். 2018 கடைசி வரை அந்தச் சலுகை நீடித்தது. எழுபதுகளில் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாநிலங்கள் ஒரே நேரத்தில் வீடு இடித்துக் கட்ட ஆரம்பித்தன. கொத்தனார் வேலைக்குச் சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஆள் வந்தது. ஏழ்மைக்கு அமெரிக்கா தரும் வரையறையை ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்று நிரலில் தட்டச்சு செய்தவர்களில் கணிசமானவர்கள், அந்த உதவிகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாத விசாவில் இருந்தவர்கள். அதைப் பற்றி அப்போது நாங்கள் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

சரி, பாட்டிக்கு வருவோம்.

டானிஃப் கணக்கில் இந்த வீட்டில் இரண்டே பேர்: அம்மாவும் 8 வயதுப் பெண்ணும். 20 வயதுப் பையன் குழந்தை இல்லை. பாட்டி, அம்மா இருக்கும்போது தேவையில்லை.

ஸ்நாப் கணக்கு வேறு. யார் சேர்ந்து பொருள் வாங்கிச் சேர்ந்து சமைக்கிறார்களோ அவர்கள்தான் ஒரு குடும்பம். ரத்த உறவு இரண்டாம் பட்சம். ஆனால் 22 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை பெற்றோரோடு இருந்தால், தனியாகச் சமைத்தாலும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். அதனால் பையன் உள்ளே. அப்புறம் பார்த்தால் அவன் கல்லூரி மாணவன். கல்லூரி மாணவனுக்கு வாரம் 20 மணி நேர வேலை மாதிரி ஏதாவது விலக்கு இல்லாவிட்டால் ஸ்நாப் கிடையாது. ஆக 19 மணி நேரம் வேலை பார்த்தால் அவன் குடும்பத்திலேயே இல்லை, அவன் சம்பளமும் கணக்கில் இல்லை. 20 மணி நேரம் ஆனதும் அவனும் வந்துவிடுவான், சம்பளமும் வந்துவிடும். பாட்டி தனியாக உலை வைத்தால் அவர் தனிக் குடும்பம். சேர்ந்து சாப்பிட்டால் இந்தக் குடும்பம்.

மெடிகெய்ட் அடுப்பைப் பார்ப்பதில்லை, வருமான வரிப் படிவத்தைப் பார்க்கும். அம்மா தன் வரிக் கணக்கில் பிள்ளைகள் இருவரையும் பாட்டியையும் தன்னை நம்பி இருப்பவர்களாகக் காட்டினால், அம்மாவின் குடும்பத்தில் நாலு பேர். சரிதானே? பாட்டியின் தகுதியைப் பார்க்கும்போது விதி திரும்பிக்கொள்கிறது. கணவனோ பெற்றோரோ அல்லாத வேறு ஒருவர் தன் கணக்கில் காட்டும் ஆள் என்பதால், பாட்டிக்கு வேறு விதி: அவர் குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டும். மகளின் குடும்பத்தில் பாட்டி உண்டு. பாட்டியின் குடும்பத்தில் மகள் கிடையாது. இதைப் படித்த அன்று மாலை ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “இதை எழுதினவனுக்கு மாமியார் உண்டா?” என்று கேட்டார்.

வருமானத்திலும் இதே கூத்துதான். பிரிந்துபோன கணவர் குழந்தைக்காக மாதம் 200 டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நாப்புக்கு அது வருமானம். மெடிகெய்ட்டுக்கு வருமானமே இல்லை, ஏனென்றால் அதற்கு வரி கிடையாது. டானிஃப் வாங்கினால் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமையையே மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும். மாநிலம் மனம் வைத்தால் அதில் கொஞ்சம் குழந்தைக்குத் தரும். வாரச் சம்பளத்தை மாதச் சம்பளம் ஆக்குவதற்கு ஸ்நாப் விதி 4.3 ஆல் பெருக்கச் சொல்லும், கூடவே ‘அல்லது மாநிலத்தின் ரொக்க உதவித் திட்டம் எதைப் பயன்படுத்துகிறதோ அது’ என்றும் சொல்லும். 4.3-க்கும் 4.33-க்கும் நடுவில் ஒரு வீட்டுக்கு ஸ்நாப் நின்றுபோவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், திரையில்தான்.

இந்த ‘உலை’ விஷயம் நமக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் புது ரேஷன் கார்டு கேட்டால் தனிச் சமையல் உண்டா என்று பார்க்க ஆள் வருவார். கல்யாணமான மகன் மாடியில் தனி அடுப்பு வைத்திருக்கிறானா, கேஸ் இணைப்பு யார் பேரில், எல்லாம் பார்ப்பார். எங்கள் தெருவில் விசாரணைக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் மாடியில் அடுப்பு எரிந்த வீடுகளை நான் அறிவேன். அமெரிக்காவில் அடுப்பைப் பார்க்க யாரும் வருவதில்லை. பெரும்பாலும் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

மத்திய அரசு ஒரு கணக்கும் மாநிலம் ஒரு கணக்கும் வைத்திருப்பதும் நமக்குப் பழக்கம்தான். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் சேர்ந்தது. சேர்ந்தபோது மத்தியச் சட்டத்துக்காக ‘முன்னுரிமைக் குடும்பம்’ என்று ஒரு பெயரை அட்டையில் ஏற்றிக்கொண்டது, ஆனால் முன்னுரிமை இல்லாத குடும்பத்துக்கும் இலவச அரிசியை நிறுத்தவில்லை. டெல்லிக்கு ஒரு பட்டியல், கடைக்கு ஒரு பட்டியல். ஒத்துப்போவது போலவும் ஆயிற்று, தன் வழியை விடாமலும் ஆயிற்று. பின்னால் வரப்போகும் ஒரு துண்டுக் காகிதத்தின் கதையைப் படிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

எங்கள் குழுவில் ஒரு அம்மா இருந்தார். கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் 28 வருடம் விண்ணப்பங்களைப் பார்க்கும் கேஸ் வொர்க்கராக இருந்துவிட்டு, பாலிசிப் பிரிவுக்கு வந்தவர். மேஜையில் எப்போதும் ஒரு டப்பா நிறைய பென்சில். ஒருநாள் கணினியில் ஒரு அட்டவணையைப் பார்த்துத் தலை சுற்றி அவரிடம் போனேன். எல்லா அட்டவணையிலும் வருடா வருடம் எண் மாறும். இதில் மட்டும் ஒரே ஒரு தேதி: 1996 ஜூலை 16. பக்கத்தில் யாரோ ‘தொடாதே’ என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். பழைய குப்பை, எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“அது குப்பையில்லை. அது ஆவி” என்றார்.

1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு பிறந்தது குழந்தைகளுக்கான ரொக்க உதவி. பிற்காலத்தில் அதன் பெயர் ஏ.எஃப்.டி.சி. அறுபது வருடம் அமெரிக்காவில் ‘வெல்ஃபேர்’ என்றாலே அதுதான். 1996 ஆகஸ்ட் 22 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அதைக் கொன்று, டானிஃப் என்ற புதுத் திட்டத்தை அதன் இடத்தில் வைத்தது. சிக்கல் என்னவென்றால், மெடிகெய்ட் தகுதியும் வளர்ப்பு வீடுகளுக்கான ஃபெடரல் பணமும் ஏ.எஃப்.டி.சி.யின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றன. செத்தவரின் தோளை எப்படிப் பிடிப்பது? காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு வழி கண்டுபிடித்தது: செத்த திட்டத்தின் விதிகள் 1996 ஜூலை 16 அன்று அந்தந்த மாநிலத்தில் எப்படி இருந்தனவோ, அப்படியே உறைந்து நிற்கட்டும்.

மெடிகெய்ட்டில் 2014-க்குப் பிறகு அதன் பிடி பெரும்பாலும் விட்டுப்போனது. வளர்ப்பு வீடுகளில் விடவில்லை. இன்றைக்கு ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பு வீட்டில் வைத்தால், அதன் செலவில் ஃபெடரல் அரசு பங்கு தருமா என்பதற்கு, அந்தப் பெற்றோர் 1996-ன் கணக்குப்படி ஏழையா என்று பார்க்கவேண்டும். 1996-ல் பிறந்தவர்களே இப்போது பெற்றோர். வருமான வரம்பு பணவீக்கத்தோடு நகரவில்லை, அதனால் வருடா வருடம் ‘ஏழை’ குறைந்துகொண்டே வருகிறார்கள், காகிதத்தில். குழந்தைக்குப் பராமரிப்பு எப்படியும் கிடைக்கும். பில் யாருக்கு என்பதுதான் மாறும். ஆனாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, செத்துப்போன ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்தால் கிடைத்திருக்குமா என்று கணக்குப் போடுகிறார்கள்.

“ஏன் இதைச் சரிபண்ண மாட்டேன் என்கிறார்கள்?” என்று கேட்டேன். “சரிபண்ணினால் யாருக்கோ செலவு” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. பென்சில் சீவப் போய்விட்டார்.

விதிகளை ஒன்றாக்குவது என்று பேச்சு வந்தால் எல்லோரும் நல்லதுதானே என்பார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ஒரு படிவம், ஒரு வரையறை, ஒரு தேதி, இதில் யாருக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் எங்கே என்றால், இரண்டு கோடுகளை ஒன்றாக்க ஏதாவது ஒன்று நகரவேண்டும். தாராளமான விதி கறாரான விதியை நோக்கி நகருமா, கறாரானது தளருமா? மென்பொருள்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை. சட்டம் எழுதுகிறவர்கள் வேறு எதையும் கேட்பதில்லை.

பழைய கதை ஒன்று இதற்குப் பொருந்தும். 1964. அலபாமாவில் ஜார்ஜ் வாலஸ் ஆளுநர். மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது: உதவி வாங்கும் ஒரு பெண்ணோடு எந்த ஆணாவது உறவு வைத்திருந்தால், அவனே அந்தக் குழந்தைகளுக்கு ‘மாற்றுத் தந்தை’. தந்தை இருக்கிறார் அல்லவா, அப்படியானால் உதவி கிடையாது. அந்த ஆள் ஒரு காசு தருகிறானா என்பது பொருட்டே இல்லை. 1967 ஜனவரிக்குள் சுமார் 16,000 குழந்தைகள் பட்டியலிலிருந்து போனார்கள், பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள். அவர்களில் செல்மாவில் இருந்த திருமதி ஸ்மித்தின் நாலு பிள்ளைகளும் உண்டு. அதிகாலை 3:30 மணி முதல் பகல் 12 வரை ஓர் உணவகத்தில் சமையலும் பரிமாறலும். வாரத்துக்கு 16 முதல் 20 டாலர். வார இறுதியில் வந்துபோன ஆளுக்கோ சொந்தத்தில் ஒன்பது பிள்ளைகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1968 ஜூனில் தலைமை நீதிபதி வாரன் தீர்ப்பு எழுதினார்: ஃபெடரல் சட்டத்தில் ‘பெற்றோர்’ என்றால் குழந்தையைக் காப்பாற்றும் சட்டக் கடமை உள்ளவர். மாநிலம் தன் இஷ்டத்துக்கு ஒரு அப்பாவை உருவாக்க முடியாது.

மாநில விதி ஃபெடரல் விதியோடு ஒத்துப்போகவேண்டும் என்ற சொல்லுக்கு அன்றைக்கு இருந்த அர்த்தம் இது. சோறு நிற்காமல் இருப்பது. 1996 சட்டம் இதைத் தலைகீழாக்கியது. வருடத்துக்குச் சுமார் 1,650 கோடி டாலரை மொத்தமாக மாநிலங்களிடம் கொடுத்து, விதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றது. அந்தத் தொகை இன்றும் அதேதான், விலைவாசிக்காக ஒரு டாலர் ஏறவில்லை. ஆக டானிஃப் ஐம்பது மாநிலத்தில் ஐம்பது விதமாயிற்று. ஸ்நாப் நாடு முழுக்க ஏறத்தாழ ஒன்றாக நின்றது.

அப்புறம் இன்னொன்று. ஸ்நாப் சட்டம் விவசாயச் சட்டத்துக்குள் இருக்கிறது. காங்கிரசில் அதை எழுதுவது விவசாயக் குழு, நடத்துவது விவசாயத் துறை. கீழவையில் டானிஃப் இருப்பது வரி விதிப்பைப் பார்க்கும் குழுவிடம், மெடிகெய்ட் இருப்பது எரிசக்தியும் வணிகமும் பார்க்கும் குழுவிடம். மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு மேஜையில் உட்கார்ந்து ‘குடும்பம்’ என்றால் யார் என்று பேசியதாக எனக்குத் தெரிந்து ஒரு நிகழ்ச்சியும் இல்லை. கவுன்ட்டி ஆபீஸில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கேஸ் வொர்க்கரின் தலைக்குள்தான் மூன்றும் சந்திக்கின்றன.

கார் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. 1977 சட்டப்படி ஃபுட் ஸ்டாம்ப் வாங்குபவரின் கார் மதிப்பு 4,500 டாலருக்கு மேல் போனால், மிச்சம் சொத்துக் கணக்கில் சேரும். 19 வருடம் கழித்து, தாராள மனதோடு, 4,650 ஆக்கினார்கள். சட்டப் புத்தகத்தில் இன்றும் அதே எண் இருக்கிறது. வேலைக்குப் போ என்று ஒரு திட்டம் விரட்டும், வேலைக்குப் போகிற காரை வைத்து இன்னொரு திட்டம் தள்ளிவிடும். 2000-ல் ஒரு வழி திறந்தார்கள்: மாநிலங்கள் கார் விஷயத்தில் தங்கள் டானிஃப் விதியையே ஸ்நாப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். அனேக மாநிலங்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டன. 2002 விவசாயச் சட்டம் இன்னும் ஒரு படி போய், டானிஃப்பிலோ மெடிகெய்ட்டிலோ கணக்கில் எடுக்காத வருமானத்தையும் சொத்தையும் ஸ்நாப்பிலும் விட்டுவிடலாம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த வரியைப் படித்தால், சம்பளத்தை விட முடியாது, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை விட முடியாது, வங்கியில் உடனே எடுக்கக்கூடிய பணத்தை விட முடியாது. ஏழை வீட்டில் இவற்றை விட்டால் வேறு என்ன இருக்கும்?

அதனால்தான் துண்டுக் காகிதம் வந்தது.

எங்கள் மென்பொருள் அனுப்பும் முடிவுக் கடிதத்தின் கடைசியில், சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி இருந்தது. குடும்பங்களுக்கான உதவிகள் பற்றித் தெரிந்துகொள்ள இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று ஒரு தொலைபேசி எண். கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது, தபால் செலவு கூடியது. நான் ஆர்வக்கோளாறில் ஒரு டிஃபெக்ட் (பிழைக் குறிப்பு) எழுதினேன்: ‘தேவையற்ற வரி, நீக்கவும்.’ சென்னையிலிருந்த தம்பி ராத்திரியே நீக்கிவிட்டான். மறுநாள் காலை டெஸ்ட் சூழலில் அச்சான கடிதத்தைப் பார்த்த பாலிசி அம்மா, என் இடத்துக்கு ஓட்டமாக வந்தார். 60 வயதில் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

“நீ நீக்கினது வரியில்லை. இந்த மாநிலத்தில் எத்தனையோ ஆயிரம் வீட்டின் சாப்பாடு.”

விஷயம் இதுதான். டானிஃப் உதவி பெறும் வீடு தானாகவே ஸ்நாப்புக்குத் தகுதி பெறும், சொத்துக் கணக்கு மறுபடி பார்க்கவேண்டியதில்லை. ‘உதவி’ என்றால் ரொக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. டானிஃப் பணத்தில் அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரம் போதும். ஒரு தொலைபேசி எண் போதும். அந்த வரியைப் பெற்றுக்கொண்டதால் அந்த வீடு டானிஃப் சேவைக்குத் தகுதி பெற்ற வீடு, ஆகவே ஸ்நாப்பின் சொத்து வரம்பு பொருந்தாது, மொத்த வருமான வரம்பும் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்திலிருந்து 200 வரை ஏற்றிக்கொள்ளலாம். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்படித்தான் தங்கள் விதியை ஃபெடரல் விதியோடு முடிச்சுப் போட்டிருக்கின்றன. தகுதி வந்துவிட்டது என்பதால் தொகை கூடாது. அது அதே பழைய சூத்திரம்தான். கையில் 3,000 டாலருக்கு மேல் சேர்த்து வைத்தவரைத் துரத்தமாட்டார்கள், அவ்வளவே.

அன்று மத்தியானமே அந்த வரியைத் திரும்ப வைத்தோம். தம்பிக்கு நானே போன் போட்டு, தப்பு என் மேல் என்று சொன்னேன். “என்னக்கா, ஒரு போன் நம்பர்தானே?” என்றான்.

இது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. மின்னசோட்டாவில் ஒரு கோடீஸ்வரர் வேண்டுமென்றே விண்ணப்பித்து, வருமானம் குறைவாக இருந்ததால் ஸ்நாப் வாங்கிக் காட்டினார். 2019 ஜூலையில் விவசாயத் துறை இந்த வழியை அடைக்க வரைவு விதி போட்டது. அடைத்தால் 31 லட்சம் பேர் வெளியே போவார்கள் என்று துறையே மதிப்பிட்டது. விதி முடிவாகவில்லை, 2021-ல் திரும்பப் பெற்றார்கள். என் கருத்தைக் கேட்டால், கோடீஸ்வரர் சொன்னதில் பாதி நியாயம். ஒரு நாடு தன் சாப்பாட்டு விதியை ஒரு காகிதத்தின் அடிவரியில் தொங்கவிடக் கூடாது. சொத்து வரம்பு தப்பு என்றால் சட்டத்திலேயே எடுக்கவேண்டும். எடுக்க வாக்கு இல்லாதபோது மாநிலங்கள் காகிதத்தை அச்சடித்தன. அதனால் ஒவ்வொரு நிர்வாகம் மாறும்போதும் 31 லட்சம் பேரின் தட்டு ஆடுகிறது.

விதிகள் கீழ்நோக்கியும் ஒன்றாகும். 1996 சட்டமே அதற்கும் வழி வைத்தது. டானிஃப்பின் நிபந்தனையை மீறியதற்காக ஒருவரைத் தண்டித்தால், அதே தண்டனையை ஸ்நாப்புக்கும் நீட்ட மாநிலத்துக்கு உரிமை உண்டு. இதுவும் ‘ஒத்திசைவு’தான். எங்கள் மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு பொத்தான். ஆமாம், இல்லை.

மேல்நோக்கிப் போனாலும் யாராவது நசுங்குவார்கள் என்பதைக் கலிஃபோர்னியாவில் பார்க்கலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஃபெடரல் ரொக்கம் தரும் எஸ்.எஸ்.ஐ. 1974-ல் ஆரம்பித்தபோது, அந்த மாநிலம் ரொக்கத்தோடு கொஞ்சம் கூடுதல் தந்து, இதிலேயே ஃபுட் ஸ்டாம்ப்பும் அடக்கம் என்று சொல்லிவிட்டது. 45 வருடம் அங்கே எஸ்.எஸ்.ஐ. வாங்குபவருக்கு ஸ்நாப் கிடையாது. 2019 ஜூன் 1 அன்று மற்ற மாநிலங்களின் விதிக்கு வந்தார்கள். தனியாக வாழும் முதியவர்களுக்கு லாபம். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் எஸ்.எஸ்.ஐ. வாங்க, மற்றவர்கள் ஸ்நாப் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களில், அதுவரை கணக்கில் வராத அந்த ரொக்கம் இப்போது வருமானமாகி மொத்த உதவி குறைந்தது. மாநிலம் அந்தக் குடும்பங்களுக்குத் தன் சொந்தப் பணத்தில் ஈடு கட்டியது. விதியை நேராக்கும்போது இடிபடுகிறவர்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்த நிர்வாகச் செயல்களில் ஒன்று.

நம் ஆட்கள் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வந்தால் என்ன? அங்கேயும் ஒரே பதில் இல்லை. பெரியவர்களுக்கு ஸ்நாப்புக்கு ஐந்து வருடக் காத்திருப்பு. 18 வயதுக்குக் கீழ் காத்திருப்பு இல்லை. மெடிகெய்ட்டுக்கும் ஐந்து வருடம், ஆனால் 2009 முதல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதை மாநிலம் தளர்த்தலாம். எஸ்.எஸ்.ஐ.க்கு ஐந்து வருடம் போக, பொதுவாக பத்து வருட உழைப்புக் கணக்கும் வேண்டும். ஸ்பான்சர் செய்த பிள்ளையின் வருமானத்தையும் சேர்ப்பார்கள்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவர் இன்னும் அதே மாடியில். வேலை குவிந்திருக்கிறதாம். 2028 நிதியாண்டு முதல், ஸ்நாப் தொகையில் தவறு விகிதம் 6 சதவீதத்தைத் தாண்டும் மாநிலங்கள் உதவித்தொகையிலேயே 5 முதல் 15 சதவீதம் வரை கையிலிருந்து போடவேண்டும். 2024 நிதியாண்டில் நாடு தழுவிய விகிதம் 10.93. தவறு என்றால் திருட்டு இல்லை. கூடக் கொடுத்ததும் குறையக் கொடுத்ததும் இரண்டும் சேர்ந்தது. பெரும்பாலும் நான் மேலே எழுதியது போன்ற பைத்தியக்காரக் கணக்குகளில் யாரோ வழுக்கியது. இனி மாநிலங்கள் விதியை எளிதாக்கப் பார்க்கும், இல்லை, இன்னும் பத்துக் காகிதம் கேட்கும். எது நடக்கும் என்று நண்பரிடம் கேட்டேன். காகிதம் கேட்கும் திரையைத்தான் இப்போது கட்டுகிறோம் என்றார்.

இந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் எனக்குப் பொறி தட்டியது. ஸ்நாப்பின் வேலை நிபந்தனை 64 வயது வரை நீண்டுவிட்டது, மாதம் 80 மணி நேரம். மெடிகெய்ட்டுக்கும் 2027 தொடக்கத்திலிருந்து அதே 80, அதே 64. 14 வயதுக்குக் கீழ் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு விலக்கு, இரண்டிலும் அதே கோடு. இத்தனை வருடமாகக் குடும்பம் யார், வருமானம் எது என்று ஒன்றாகச் சொல்ல முடியாதவர்கள், தள்ளிவிடும் விதியை மட்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போட்டுவிட்டார்கள்.

“பாட்டி கேஸ் ஞாபகம் இருக்கா?” என்றார் நண்பர்.

மறக்குமா?

“அதைத்தான் திரும்ப ஓட்டுறேன். பாட்டிக்கு 62. ஸ்நாப்ல 60 ஆனா முதியவர், மருத்துவச் செலவு கழிவு எல்லாம் உண்டு. அதே ஸ்நாப்ல இப்ப 64 வரைக்கும் உழைக்கத் தகுதியானவர், மூணு மாசத்துக்கு மேல வேணும்னா 80 மணி நேரம் காட்டணும். ஒரே திரையில ரெண்டும் வருது.”

பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார் அல்லவா, விலக்கு கேட்கலாமே என்றேன்.

“கேட்கலாம். ஆனா பேத்தி அவங்க குடும்பத்துல இருக்கணும். பாட்டி தனி உலைல இருக்காங்க.”

அந்தத் தனி உலையை வைத்ததே நான்தான். பல வருடங்களுக்கு முன், அப்படி வைத்தால் பாட்டிக்குத் தனியாக உதவி கிடைக்கும் என்று அந்தக் கேஸில் ‘தனிச் சமையல்: ஆம்’ என்று குறித்திருந்தேன். அன்றைக்கு அது பாட்டிக்கு நல்லது.

“எதிர்பார்க்கும் முடிவு கட்டத்துல என்ன போட்டிருக்கீங்க?”

“பாலிசிக்கு மெயில் அனுப்பியிருக்கேன். பதில் வரலை. கட்டத்தைக் காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. இப்போதைக்கு ‘நிலுவை’ன்னு போட்டு வச்சிருக்கேன்.”